ஒரு வளவின் இரு குரல்கள்

உடன்பிறந்த பெண்கள் இருவர் ஒன்றாக அமர்ந்து பாடக் கேட்கும்போது, அக்குரல்களின் ஒற்றுமையை வியந்து, அதனைப் பிறவிப்பேறு என்று சொல்லி அமைதியடைவது நம்மவர் வழக்கம். ஒரே வயிற்றிற் பிறந்தவர்கள். ஒரே ஏணையில் உறங்கியவர்கள். ஆகவே குரலும் ஒன்றாயிற்று என்பர். இவ்விளக்கத்தில் உண்மையின் ஒரு பாதியே உண்டு. ஒரு வயிற்றிற் பிறந்த பெண்கள் எல்லா ஊர்களிலும் உள்ளனர். அவர்கள் வாழ்நாள் முழுவதும் சேர்ந்து பாடும் நிலையோ எல்லா ஊர்களிலும் எல்லாக் காலங்களிலும் இருந்ததில்லை. பிறப்புக் குரலைத் தரும். குரல்கள் பிரியாதிருக்க ஒரு கூரை வேண்டும். அக்கூரை யாருக்குரியது, அதன் கீழ் யார் தங்குகிறார், யார் வெளியேறுகிறார் என்ற வினாக்களுக்கு விடை காணாமல் சகோதரியர் பாடலின் வரலாற்றை எழுத இயலாது.

நாம் எடுத்துக்கொண்ட களம் மட்டக்களப்பு வாவியும் அதன் இரு கரைகளுமாகும். வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, நாட்டை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் பிரித்துவைத்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலம் எழுவான்கரை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் நெருங்கி வாழும் பகுதி அது. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. இந்நாட்டின் புகழ் 'பாடும் மீன்' என்ற பெயரோடு உலகெங்கும் சென்றது. 1848இல் இங்கு வந்த ஆங்கில அதிகாரி எமர்சன் தெனன்ற், கோட்டையை அடுத்த நீர்ப்பரப்பிலே இரவில் தோணியிலிருந்து தாம் கேட்ட மெல்லிய ஒலிகளைப் பின்னர் தமது இலங்கை நூலில் விரிவாக எழுதினார். அவ்வொலியை எழுப்புவது மீனன்று, ஊரி என்னும் சிப்பியே என்று மீனவர்கள் அவருக்குக் கூறினர். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளோ, அவ்வொலியை நீரர மகளிரின் இன்னிசையாகக் கற்பனை செய்தார். பழந்தமிழிசையை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது.

நீருக்கடியிலே எழுந்த ஒலியைப் பெண்குரல் என்று அடிகளார் கொண்டது அழகிய கற்பனை. நீருக்கு மேலே, கரையிலே, குடிசைகளிலே, வயல் வரம்புகளிலே ஒலித்த பெண்குரல்களின் கதை என்ன? வாவியின் இசையைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதிவருகிறோம். அதன் கரையிற் பாடிய பெண்களைப் பற்றி நாம் எழுதியது சொற்பமே.

*

இப்பிரதேசத்தின் குடும்ப அமைப்பை முதலில் நோக்குவோம். மட்டக்களப்பு மக்கள் தம் குடியைத் தாய்வழியாகக் கணக்கிடுகின்றனர். தாயின் குடி எதுவோ அதுவே பிள்ளைகளின் குடி. இவ்வழிமுறையை 'வயிற்றுவார்' என்று ஊரவர் சொல்வர். கோவில்களிலே குடிகளுக்குரிய உரிமையும் மரியாதையும் இக்கணக்கின்படியே வழங்கப்பட்டன. முதுசொத்து சகோதரியின் மக்களைச் சேரும் முறையை முக்குவர் சட்டம் என்ற பெயரில் பிறிற்றோ என்பார் 1876இல் நூலாக்கி வெளியிட்டார். அதே ஆண்டிலே குடியேற்ற ஆட்சி இயற்றிய திருமண உரிமை, மரபுரிமைச் சட்டமும், அதன் பின் வந்த நீதிமன்ற நடைமுறையும் அம்முறையை வழக்கொழியச் செய்தன. எனினும் சட்டப் புத்தகத்தில் அழிந்தது வாழ்க்கையில் அழியவில்லை. வேறு உருவிலே தொடர்ந்தது. சொத்தின் பெரும்பகுதி, சிறப்பாக வீடும் வளவும், சீதனமாகப் பெண் மக்களுக்குச் செல்லலாயிற்று. அக்கரைப்பற்றிலே நீண்டகாலம் கள ஆய்வு செய்து 2008இல் பெருநூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இம்முறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருப்பதைத் தெளிவாகக் காட்டியுள்ளார்.

இதன் நடைமுறை எத்தகையது? மூத்த மகளுக்குத் திருமணமாகும்போது தாய்தந்தையர் குடியிருந்த வீடே அவளுக்குச் சீதனமாகும். மாப்பிள்ளை பெண்வீட்டிற்கு வந்து சேர்வான். பெற்றோர் இளைய பெண்களுடன் அருகிலே வேறொரு வீடு கட்டிக்கொண்டு குடிபோவர். அடுத்தவளுக்குக் காலம் வரும்போது அந்த வீடு அவளுக்கு. இவ்வாறு ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அக்காளும் தங்கையும் ஆயுள் முழுவதும் அயலவராகவே வாழ்வர். பிறந்த வீட்டை விட்டு ஆற்றைக் கடந்து, ஊரைக் கடந்து, கணவன் வீட்டிற்கு அழுதுகொண்டு செல்லும் மணமகள் பிற தமிழ்ப் பிரதேசங்களின் பாடல்களிலே நிறைந்திருக்கிறாள். மட்டக்களப்பிலே வீடு மாறுகிறவன் ஆண்.

இசை வரலாற்றிற்கு இச்செய்தி மிக முக்கியமானது. பாடல் புத்தகத்தில் வாழாத சமுதாயத்தில், அது மனிதரின் நினைவில் மட்டுமே வாழ்கிறது. ஒருத்தி முதலடியைத் தொடங்க, மற்றவள் மறந்த அடியை எடுத்துக்கொடுத்தால்தான் முழுப்பாடல் பிழைக்கும். பெண்கள் சிதறடிக்கப்படும் சமுதாயத்திலே ஒவ்வொருத்தியும் தன் நினைவிலுள்ள துண்டோடு தனித்துப் போகிறாள். சகோதரியர் ஒரே வேலியின் இரு பக்கமும் வாழும் சமுதாயத்திலே துண்டுகள் மீண்டும் பொருந்துகின்றன. தாய், தாயின் தங்கை, இவர்தம் மகளிர் என்று ஒரு வளவே ஒரு பாடற்பள்ளியாகிவிடுகிறது.

அப்பள்ளியிலே பயிலப்பட்டவை யாவை? ஏணை கட்டி ஆட்டும்போது பாடும் தாலாட்டு, பெண்கள் வட்டமாய் நின்று கைகொட்டிப் பாடும் கும்மி, ஊஞ்சற் பாட்டு, சாவீட்டிலே ஒருத்தி சொல் எடுக்க மற்றவர் கட்டிக்கொண்டு தொடரும் ஒப்பாரி, வயலிலும் காவற்பரணிலும் முற்றத்திலும் பிறந்த 'கவி' என்னும் நாலடிப் பாடல். இந்தக் கவி தமிழ்க் கிராமங்களுக்கும் முஸ்லிம் கிராமங்களுக்கும் பொதுச்சொத்து. காதலையும் பிரிவையும் கேலியையும் எளிய சொற்களிலே சொல்லும் அப்பாடல்கள், மதத்தின் பெயரால் நம்மைப் பிரிக்க நினைப்போர்க்கு இன்றும் சான்று கூறி நிற்கின்றன. இருகரைப் பெண்களும் ஒரே மெட்டிலேதான் பிள்ளையை உறங்கவைத்தனர்.

*

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வீடு பெண்ணின் பெயரில் இருந்ததனால் பெண் விடுதலை பெற்றிருந்தாள் என்று முடிவுகட்டிவிடுதல் கூடாது. உரிமை பெண்வழியாக ஓடியது. அதிகாரம் அவ்வழியே ஓடவில்லை. வயலை மேற்பார்வை செய்தவரும் கோவிற் கணக்கைப் பார்த்தவரும் பஞ்சாயத்திலே பேசியவரும் ஆண்களே. மாமனும் தமையனும் கணவனும் சேர்ந்து பெண்ணின் உடைமையைப் 'பராமரித்தனர்'.

கலையுலகிலே இம்முரண்பாடு இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. வைகாசி மாதத்திலே தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி கோவில்களில் சடங்கு நடைபெறும். கண்ணகி வழக்குரை படிக்கப்படும், குளிர்த்தி பாடப்படும். அரசவையிலே தனித்து நின்று, கோவலன் கள்வனல்லன் என்று பேசிக் கோல் சரியச் செய்தவள் ஒரு பெண். அவள் பேசிய வழக்கைக் கோவிலிலே படித்துவந்தவர்கள் ஆண்கள். வழக்கு அவளுடையது, வாய் இவர்களுடையது. பெண்களின் பங்கு குரவை இடுதல். அக்குரவையிலே நீண்ட ஒலி உண்டு, சொல் இல்லை.

குரவை என்ற சொல்லின் வரலாறே ஒரு பாடமாகும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே எழுவர் கன்னியர் நிற்கின்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களையே அவர்களுக்கு இட்டு மாதரி ஆடவைக்கிறாள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சுரம்; எழுவரும் சேர்ந்தாற் பண். அந்தக் குரவை ஆடலும் பாடலும் சொல்லும் சேர்ந்த முழுக்கலை. காலப்போக்கில் அதே சொல், நாவை அசைத்து எழுப்பும் மங்கல ஒலியொன்றிற்கு மட்டும் பெயராய்ச் சுருங்கியது. பெண்ணின் கலை சுருக்கப்பட்ட வரலாறு இவ்வொரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

கூத்தின் கதையும் இதுவே. வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் மட்டக்களப்பின் பெருமை. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே அவற்றைப் புதுக்கி மேடையேற்றியபோது, கற்றோர் உலகம் இக்கலையைத் திரும்பிப் பார்த்தது. அவர் வழியில் வந்த சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆயினும் கிராமத்துக் களரியிலே பாஞ்சாலியாகவும் மண்டோதரியாகவும் வந்தவன் நெடுங்காலம் ஆணே. களரியைச் சுற்றிப் பாயிலே அமர்ந்து, விடியும்வரை கண்விழித்து, எல்லாத் தருக்களையும் மனத்திலே பதித்துக்கொண்டு வீடு திரும்பிய பெண்கள், மறுநாள் நெல் குற்றும்போது அவற்றை முணுமுணுத்தனர். களரியின் நினைவகமாக அவர்கள் இருந்தனர். களரியிலே அவர்களுக்கு இடமில்லை.

ஆகவே மட்டக்களப்பின் சகோதரியர் குரல் வளவுக்குள்ளே செழித்தது, வேலியைத் தாண்டவில்லை. வேலியைத் தாண்டிய சகோதரியரைக் காண நாம் கடலைக் கடந்து சென்னைக்குச் செல்லவேண்டும்.

*

தமிழ்நாட்டிலே சகோதரியர் இணையாகப் பாடும் மரபை முதலில் வளர்த்த குடும்பங்கள் எவை என்று நோக்கினால், வியப்பான ஒற்றுமை ஒன்று புலப்படும். அவையும் பெண்வழிக் குடும்பங்களே. கோவில்களோடும் ஆடல் பாடலோடும் தொடர்புடைய தேவதாசி மரபினர் இல்லங்களிலே வீடும் கலையும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. பெண்கள் மணமாகி வெளியேறவில்லை. சகோதரியர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும் அவர் சகோதரி காமாட்சியும் இணைந்து பாடிப் புகழ்பெற்றனர். ஏனாதி சகோதரியரும் அவ்வாறே. 1938இல் மறைந்த வீணை தனம்மாளின் வீடு இம்மரபின் சிகரம். சென்னையில் அவர் இல்லத்திலே வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்கும் வீணையைக் கேட்கப் பெரும் வித்துவான்கள் காத்திருந்தனர். அவர் பெண்மக்கள் பாடினர். பெண்மக்களின் பெண்மக்கள் அம்மரபை உலகறியச் செய்தனர். பேத்தியருள் தி. பிருந்தாவும் (1912–1996) தி. முக்தாவும் இணைபிரியாத இரு குரல்களாய்ப் பதங்களையும் சாவளிகளையும் காத்தளித்தனர். மற்றொரு பேத்தி தி. பாலசரஸ்வதி (1918–1984) பரதத்தை உலக மேடைகளில் நிறுத்தினார்.

பிருந்தாவும் முக்தாவும் பாடிய முறையைக் கேட்டவர்கள் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. இருவரில் ஒருவர் மற்றவரை வெல்ல முயலார். ஆரவாரமில்லை, மூச்சிற்குள் மூச்சு கலந்தாற்போல மெதுவாகச் செல்லும் பாட்டு அது. சபையை மயக்குவதற்காகச் செய்யப்பட்ட இசையாயின் இக்குணம் வந்திராது. ஒரு வீட்டுக் கூடத்திலே பாட்டி கேட்க, தாய் திருத்த, பல ஆண்டுகள் ஒன்றாகப் பயின்றதனால் வந்த குணம் அது. வளவின் இசை மேடைக்கு வந்தபோதும் வளவின் குணத்தை இழக்கவில்லை.

இங்கும் பழைமையைப் பொற்காலமாக்குதல் தவறு. அவ்வீடுகளிலே சொத்தும் கலையும் பெண்ணுடையவை. அவள் உடலின்மேல் உரிமை கோரியவர்களோ நிலக்கிழாரும் செல்வரும். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அக்கொடுமைக்கெதிராகப் போராடினர். 1947இல் சென்னை மாகாணத்திலே பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. அது நியாயமான வெற்றி. ஆனால் அவ்வெற்றியின் பின்னர் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். அப்பெண்கள் காத்த கலை மேட்டுக்குடியினரின் மேடைக்கு ஏறியது. காத்த பெண்களிற் பலர் மேடையிலிருந்து இறக்கப்பட்டனர். கொடுமையை ஒழித்தபோது, உழைப்பின் பெயரையும் சேர்த்தே அழித்துவிட்டனர்.

அடுத்த கட்டத்தை உருவாக்கியவை இயந்திரங்கள். 1902இல் கல்கத்தாவிலே கௌகர் ஜானின் குரல் இசைத்தட்டிற் பதிவான நாள் முதல், பாடகியின் உடல் மேடைக்கு வராமலே அவள் குரல் வீடு வீடாகச் செல்லலாயிற்று. பின்னர் வானொலி வந்தது. 'குடும்பப் பெண்' சபையிற் பாடுவது இழுக்கு என்றிருந்த காலத்திலே, இருவராகச் சென்றால் அவ்விழுக்குக் குறைந்தது. அக்காளுக்குத் தங்கை காவல். தங்கைக்கு அக்காள் காவல். 1950களிலே சகோதரியர் இணைகள் பெருகியதன் சமூகக் காரணங்களுள் இதுவும் ஒன்று என்று நாம் கருதுகிறோம். சூலமங்கலம் ஜெயலட்சுமியும் (மறைவு 2017) ராஜலட்சுமியும் (மறைவு 1992) தஞ்சைச் சிற்றூரின் பெயரைத் தமிழுலகெங்கும் கொண்டுசென்றனர். அவர்கள் பாடிய கந்தசஷ்டி கவசம் மட்டக்களப்புக் கோவில்களின் ஒலிபெருக்கிகளிலே இன்றும் அதிகாலையிற் கேட்கிறது. பம்பாய்ச் சகோதரியர் சரோஜாவும் லலிதாவும் அரை நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்து பாடினர். 2023இல் லலிதா மறைந்தபோதே அவ்விணை பிரிந்தது. ராதாவும் ஜெயலட்சுமியும் உடன்பிறந்தாரல்லர், ஒன்றுவிட்ட சகோதரியரே. ஆயினும் இருகுரல் ஒரு குரலாகும் வடிவத்தின் கவர்ச்சி அவர்களையும் இணைத்தது.

*

இவ்வடிவம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் அடிமைத்தளையில் இருந்தபோது பாடிய பாடல்களை, 1871இல் நாஷ்வில் நகரத்துப் பிஸ்க் கல்லூரியின் மாணவ மாணவியர் ஊரூராகப் பாடிச் சென்று தம் கல்லூரிக்கு நிதி திரட்டினர். அவர்களிற் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். கொட்டிலிலும் பருத்தி வயலிலும் பிறந்த பாட்டு முதன்முறையாக உலகத்தின் மேடையில் நிமிர்ந்து நின்றது. அம்மரபு தேவாலயங்களில் வளர்ந்து, 1950களிலும் 60களிலும் 'சோல்' என்ற இசைவகையாயிற்று. சோல் என்றால் ஆன்மா. அடிமையென விற்கப்பட்ட மக்கள் தம் இசைக்கு ஆன்மா என்று பெயரிட்டதிலே ஒரு பெரும் வழக்குரை அடங்கியுள்ளது.

அவ்விசையின் அரசியாகப் போற்றப்பட்ட அரிதா பிராங்க்ளின் (1942–2018) தனியாகப் பாடியவர் என்றே பலரும் எண்ணுவர். 1967இல் அவர் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாடலிலே, பின்னணியில் எழும் குரல்களுள் அவருடைய சகோதரியர் எர்மா, கரோலின் ஆகியோரின் குரல்களும் உண்டு. அப்பாடலை 1965இல் எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங் என்னும் ஆண். உழைத்து வீடு திரும்பும் கணவன் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாடலாக அது பிறந்தது. சகோதரியர் வாயிலே அது பெண் கேட்கும் மரியாதையாக, ஓரினம் கேட்கும் மரியாதையாக மாறியது. சேர்ந்து பாடும் பெண்கள் ஒரு பாட்டின் பொருளையே புரட்டிவிடக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நம் காலத்திலே அத்லாந்தா நகரத்துச் சகோதரியர் லீயா சிமித்தும் குளோயி சிமித்தும், நாட்டாரிசை ஒலித்த தம் வீட்டில் கற்ற அப்பலாச்சிய மலைநாட்டுப் பாடல்களையும், அமெரிக்காவின் தென் மாநிலங்களின் சோல் இசையையும் இணைத்து, 'ரைசிங் அப்பலாச்சியா' என்ற பெயரில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து பாடிவருகின்றனர். அவர்கள் கையிலுள்ள முக்கிய கருவி பாஞ்சோ. வெள்ளையர் மலைநாட்டின் அடையாளமாக இன்று எண்ணப்படும் அக்கருவியின் மூலம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரே அதனை அங்கு கொணர்ந்தனர். நாட்டாரிசை எதுவும் ஓரினத்தின் தனிச்சொத்தன்று என்பதைக் கருவியே கூறுகிறது.

அத்தகைய கலப்பு நம் வாவிக்கரையிலும் நிகழ்ந்தது. 1628இல் போர்த்துக்கேயர் இங்கு கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டைக்காரர் போயினர். அவர்கள் வழிவந்த பறங்கியர் இங்கேயே தங்கி, தச்சரும் கொல்லரும் தையற்காரருமாய் உழைத்து வாழ்ந்தனர். போர்த்துக்கேய மொழியின் கலப்புருவம் ஒன்றை அவர்கள் இன்றும் பேசிவருகின்றனர். திருமண வீடுகளிலே வயலினும் கிற்றாரும் ஒலிக்க அவர்கள் ஆடும் கபிரிஞ்ஞாவின் பெயரிலே ஆப்பிரிக்காவின் நினைவு தங்கியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் பின்னர் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மொழியையும் பாடல்களையும் பதிவுசெய்தனர். ஆகவே கிற்றார் மட்டக்களப்புக்கு அந்நியக் கருவி என்று எவரேனும் கூறினால், அவர் நம் ஊரின் உழைப்பாளர் தெருவை அறியாதவர் என்போம். கவியும் கபிரிஞ்ஞாவும் பல தலைமுறைகளாக ஒரே காற்றில் ஒலித்தவை.

*

வளவு காத்த இரு குரல்கள் இன்று எந்நிலையில் உள்ளன? பாடலைக் காத்த அதே வீடு இப்போது பாடலைப் பிரிக்கும் காரணமாயிற்று. சீதனவீடு முன்பு மண்ணும் ஓலையுமாய் ஊராரின் உழைப்பாலே எழுந்தது. பணப் பொருளாதாரம் புகுந்தபின் அது கல்வீடாகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் வந்தது. கல்வீட்டிற்குப் பணம் எங்கே? 1980கள் முதல் வாவிக்கரையின் தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றனர். தங்கையின் வீட்டிற்காக அக்காள் சென்றாள். தன் மகளின் வீட்டிற்காகத் தாய் சென்றாள். சகோதரியரைச் சேர்த்துவைத்த கூரையைக் கட்டுவதற்காகவே சகோதரியர் பிரிந்தனர். பிறர் பிள்ளையை அந்நிய நாட்டிலே உறங்கவைத்தவளின் தாலாட்டு, அவளுடைய சொந்த வளவிலே ஒலிக்கவில்லை. மட்டக்களப்பு நாட்டார் பாடல்களின் வீழ்ச்சிக்குத் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் மட்டும் குறைகூறுவோர் இந்தப் பொருளாதாரக் காரணத்தைக் காணத் தவறுகின்றனர்.

போர் மற்றொரு காரணம். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே குழந்தைகளும் பெண்களுமாகக் கிராமத்தவர்கள் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். இருபக்கத்துத் தாய்மாரும் ஒரே மொழியில், ஏறத்தாழ ஒரே மெட்டில், ஒப்பாரி வைத்தனர். ஒருவர் ஒப்பாரியை மற்றவர் கேட்கமுடியாதபடி இடையிலே பகை எழுப்பப்பட்டது. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி போன்ற ஊர்களைத் துடைத்தெடுத்தது. அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்த உறவினர் ஒன்றாகவே மாண்டனர். நினைவிலே வாழும் கலைக்கு இதனினும் பெரிய தீ இல்லை. நூலகம் எரிந்தால் வேறு பிரதியைத் தேடலாம், பாடியவர் அனைவரும் போனால் எதைத் தேடுவது?

இவ்வழிவுகளின் நடுவிலும் எழுச்சி இல்லாமற் போகவில்லை. 1990களிலே மட்டக்களப்பில் இயங்கத் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகளிலே பெண்கள் பாடலையும் நாடகத்தையும் எடுத்துக்கொண்டு வீதிக்கும் முற்றத்திற்கும் வந்தனர். ஒப்பாரி வைக்க மட்டும் அனுமதிக்கப்பட்ட வாய், கேள்வி கேட்கவும் பாடலாயிற்று. பறையைப் பெண்கள் கையிலெடுத்தனர். இழிவென ஒதுக்கப்பட்ட கருவியும் ஒதுக்கப்பட்ட கைகளும் சேர்ந்தபோது எழுந்த ஒலி, சாதிக்கும் ஆணாதிக்கத்திற்கும் ஒருங்கே கொடுத்த விடையாகும்.

*

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து செய்யவேண்டியது என்ன?

முதலாவது, பெயர். நம் நாட்டார் பாடற்றொகுப்புகளைப் புரட்டினால் தொகுத்தவரின் பெயர் அட்டையில் இருக்கும். முன்னுரை தந்த அறிஞரின் பெயர் உள்ளே இருக்கும். பாடிக்கொடுத்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் எங்குமில்லை. 'மக்கள் பாடியது' என்ற அழகிய சொல்லின் பின்னே அவள் மறைக்கப்படுகிறாள். மக்கள் என்போர் பெயரற்றவரல்லர். இனிமேல் ஒரு பாடலைக் குறிக்கும் மாணவன், பாடியவர் சம்மதித்தால், அவர் பெயரையும் ஊரையும், அவர் அதனை யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்துக் குறிக்கவேண்டும். நெல்லுக்கு உழவனின் பெயரில்லாத உலகத்தை மாற்ற விரும்பும் நாம், பாட்டுக்குப் பாடியவளின் பெயரில்லாத நிலையைப் பொறுத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது, மேடை. பாடசாலை விழாக்களிலே திரைப்பாடலுக்கு அபிநயம் பிடிக்கும் மாணவியரை நாம் காண்கிறோம். அதே மாணவியரின் வீட்டிலே பாட்டியொருத்தி ஐம்பது கவிகளை மனத்தில் வைத்திருக்கக்கூடும். அவளைப் பாடசாலைக்கு அழைப்போம். அக்காளும் தங்கையுமாக இருவர் அவளிடம் கற்று, ஒரு கிற்றாரோ ஓர் உடுக்கோ துணைகொண்டு, ஒலிபெருக்கியின் இரைச்சலின்றிப் பாடட்டும். அது பழைமையைப் பொருட்காட்சியில் வைக்கும் வேலையாகிவிடலாகாது. பாட்டி பாடிய மெட்டிலே பேத்தியர் தம் காலத்துச் சொல்லை இட்டுப் பாடும் உரிமையும் வேண்டும். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய தாயைப் பற்றி, கட்டி முடியாத கல்வீட்டைப் பற்றி, வேலியின் மறுபுறத்து முஸ்லிம் தோழியைப் பற்றி அவர்கள் பாடினால், அன்றுதான் கவி மீண்டும் உயிர்பெறும்.

மூன்றாவது, கூரை. பாடலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பாடுவோரின் வாழ்வைக் காப்பாற்ற வேண்டும். சீதனவீட்டிற்காக ஒருத்தி தன் இளமையைக் கடல்கடந்து விற்கவேண்டிய நிலை நீங்காதவரை, கலைவிழாக்களும் பொன்னாடைகளும் வெறும் சடங்குகளே. கிராமத்திலே பெண்ணுக்கு ஊதியமுள்ள தொழிலும், நிலத்தின்மேல் பெயரளவிலன்றி நடைமுறையிலும் அதிகாரமும் வேண்டும். இவ்விரண்டும் கேட்கும் இயக்கமே நாட்டாரிசையைக் காக்கும் உண்மையான இயக்கமாகும்.

வீடு பெண்ணிடம் இருந்த இடங்களிலே சகோதரியரின் பாடல் பிழைத்தது என்பதை மட்டக்களப்பும் சென்னையும் நமக்குக் காட்டின. அதிகாரம் பெண்ணிடம் இல்லாத காரணத்தால் அப்பாடல் பெயரின்றியும் மேடையின்றியும் கிடந்தது என்பதையும் அவையே காட்டின. வாவியின் மீன்கள் பாடுவதைக் கேட்கப் பௌர்ணமி இரவிலே தோணியிற் செல்பவர்கள் செல்லட்டும். கரையிலே, அடுத்தடுத்த இரு வளவுகளிலே, இருவர் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் குரல் கேட்பதற்குத் தோணி வேண்டாம். படலையைத் திறந்து, அவர்கள் பெயரைக் கேட்டு, எழுதிக்கொண்டு உட்கார்ந்தாற் போதும்.